டாக்டரிடம் கேளுங்கள்: குண்டு உள்ளேயே இருக்கலாமா?

சென்ற இதழில், பன்றிக் காவலுக்குப் போன இடத்தில் நாட்டுத் துப்பாக்கி வெடித்துத் தொடையில் பால்ரஸ் (குண்டாகப் போடும் உலோக உருண்டை) பாய்ந்த ஒரு விவசாயியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. இந்தக் காயத்தோடு வாழ்கிறவர்களிடம் யாருமே உட்கார்ந்து பேசவில்லை என்று தெரிகிறது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் காயங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்த மாதம் சர்க்கரை, மூட்டுவலி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முழுக்க இதற்கே பதில். எழுதியவர்களின் பெயர்களை நானே விட்டுவிட்டேன்.

கேள்வி: கடலைக் காட்டில் காவலுக்குப் படுத்திருந்த என் வீட்டுக்காரரைப் பன்றி என்று நினைத்து, பக்கத்து நிலத்துக்காரர் சுட்டுவிட்டார். இடது தொடையிலும் இடுப்பிலும் பால்ரஸ் குண்டுகள். ஆபரேஷனில் சிலதை எடுத்தார்கள். மீதி உள்ளேயே இருக்கட்டும் என்று எக்ஸ்ரேயைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பாதி வேலை செய்து அனுப்பிட்டாங்க" என்று மாமியார் தினமும் புலம்புகிறார். தனியாரில் போய் எடுத்துவிடலாமா டாக்டரம்மா? கடன்தான் வாங்க வேண்டும். (வாசகி, போளூர் அருகே)

கடன் வாங்க வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த டாக்டர் பாதியில் விடவில்லை. எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, தொடக்கூடாததைத் தொடாமல் விட்டிருக்கிறார். இதை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

குண்டு உடம்புக்குள் நின்றுவிட்டது என்றால் அது செய்யவேண்டிய கெடுதலில் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிட்டது. பாய்ந்து போகிற அந்தக் கணத்தில்தான் தசை கிழிகிறது, ரத்தக்குழாய் அறுபடுகிறது, எலும்பு நொறுங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் குண்டின் சக்தி நாலு மடங்காகும். ராணுவ ரைஃபிள் குண்டு நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் போகிறது. அதனால் அது போன வழி மட்டுமல்ல, சுற்றியுள்ள சதையும் செத்துப்போகும். கரிமருந்து போட்டு இடிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் அது ஒரே வெடியில் பல குண்டுகளை விசிறி அடிக்கும். அடைப்புக்குத் திணித்த துணி, நார், கரி, உடுத்தியிருந்த லுங்கியின் துணுக்கு எல்லாம் சேர்ந்து உள்ளே போகும். குண்டு சூடாகப் போவதால் கிருமி செத்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையில்லை. சீழ் பிடிப்பது பெரும்பாலும் இந்த அழுக்கால்தான். அதனால்தான் குண்டைத் தேடுவதை விடக் காயத்தைக் கழுவவும் செத்த சதையை வெட்டி எடுக்கவும் நாங்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்வோம்.

குண்டைத் துழாவித் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் கதையைச் சொல்வார்கள். 1881 ஜூலை 2-ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அவரைச் சுட்டார்கள். முதுகில் போன குண்டு கணையத்துக்குப் பின்னால் போய் நின்றது. கழுவாத விரல்களையும் கம்பிகளையும் விட்டு டாக்டர்கள் மாறி மாறித் தேடினார்கள். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே ஒரு கருவியோடு வந்து பார்த்தார். குண்டு கிடைக்கவில்லை. புண் புரையோடி செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்துபோனார். தோண்டாமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றுதான் பின்னால் வந்த பல மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எப்போது எடுத்தே ஆக வேண்டும்? மூட்டுக்குள் இருந்தால் எடுக்க வேண்டும். கண்ணுக்குள் இருந்தாலும், நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்தினாலும் நிபுணரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். சீழ் வடிந்துகொண்டே இருந்தால், அல்லது தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டு உட்காரவே முடியாமல் வலித்தால் எடுக்கலாம். தொடைச் சதைக்குள் ஆழத்தில் சும்மா கிடக்கிற பால்ரஸைச் சுற்றி உடம்பே ஒரு உறையைக் கட்டிவிடும். அதை எடுக்கப் போனால் நல்ல நரம்பும் நல்ல சதையும் அடிபடும்.

ஆனால் ஒன்று. சைக்கிள் பேரிங்கில் இருக்கிற பால்ரஸ் எஃகு, அதை காந்தம் இழுக்கும். நாளைக்கு எதற்காவது எம்.ஆர்.ஐ. (பெரிய காந்தத்தை வைத்து எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னால், உடை மாற்றும் முன்பே "உள்ளே இரும்புக் குண்டு இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிமைத் தகரப்பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

எனக்குக் கவலை அந்தக் குண்டைப் பற்றி இல்லை, உங்கள் வீட்டுக்காரரின் காலைப் பற்றித்தான். இடது கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியாமல் பாதம் தொங்கினால் நரம்பு அடிபட்டிருக்கலாம். பாதத்துக்குத் தாங்கி வாங்கி, பிசியோதெரபி உடனே தொடங்க வேண்டும். எங்கள் வார்டில் காயம் ஆறிப்போனவர்களையே அதிகம் தொலைத்தோம். தையல் பிரித்ததும் வரமாட்டார்கள். கொஞ்ச நாளில் கால் மடங்கி இறுகிவிடும். மூட்டை தூக்க முடியாது, ஏர் பிடிக்க முடியாது. வீட்டுக்காரம்மா திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விடுவார், மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடும். உங்கள் வீட்டில் அது நடக்கக்கூடாது.

பணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் 2013 முதல் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், வக்கீலையும் இலவசமாகத் தருவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: 2009 யுத்தத்தின் கடைசி மாதங்களில் என் கணவருக்குச் செல் பீஸ்கள் (எறிகணைத் துண்டுகள்) பட்டன. முதுகிலும் பிடரியிலும் இன்னும் இருக்கின்றன. தோளில் ஒரு துவக்குச் சன்னமும் (துப்பாக்கிக் குண்டு) இருக்கிறது. இப்போது கை விறைப்பு அதிகமாகி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறார்கள். சிலர் எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈயம் உடம்பில் கலந்துவிடும் என்றும் ஒரு பயம். (வாசகி, கிளிநொச்சி)

சகோதரி, இரண்டும் வேறு வேறு உலோகம். செல் துண்டு பெரும்பாலும் இரும்பு. துவக்குச் சன்னத்தின் உள்ளே பெரும்பாலும் ஈயம், மேலே செம்பு உறை. செம்பையும் ஈயத்தையும் காந்தம் இழுக்காது, இரும்பை இழுக்கும். சில சன்னங்களில் எஃகும் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உங்கள் கணவரை எம்.ஆர்.ஐ. அறைக்குள் விடக்கூடாது. தண்டுவடத்துக்குப் பக்கத்திலோ கண்ணிலோ பெரிய ரத்தக்குழாயை ஒட்டியோ இரும்புத் துண்டு இருந்தால், அது கொஞ்சம் அசைந்தாலும் ஆபத்து. முதலில் கழுத்து, முதுகு, தலை எக்ஸ்ரேயும் தேவையானால் சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். சி.டி.யில் காந்தம் இல்லை, பயமே வேண்டாம். அந்தப் படங்களோடு நரம்பியல் டாக்டரும் ரேடியாலஜிஸ்ட்டும் சேர்ந்து முடிவு செய்யட்டும். கை விறைப்புக்கான காரணம் சில நேரம் சி.டி.யிலேயே தெரிந்துவிடும். நரம்புகளில் மின்னோட்டம் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது.

ஈயத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சதைக்குள் உறை கட்டிக் கிடக்கிற ஈயத்தால் பொதுவாகத் தொந்தரவு வராது. ஆனால் மூட்டுக்குள் இருந்தால் கதை வேறு. மூட்டில் ஊறுகிற திரவம் ஈயத்தை மெல்ல மெல்லக் கரைக்கும். பல வருடம் கழித்துக்கூட வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, தீராத அசதி, கைகால் பலவீனம் என்று வரும், காரணம் யாருக்கும் பிடிபடாது. தோளில் உள்ள சன்னம் மூட்டுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் ஈய அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடம்பில் ஈயச் சன்னத்தோடு இருக்கிற பெண்கள் கர்ப்பமானால் இந்தப் பரிசோதனையை அவசியம் செய்ய வேண்டும். எலும்பில் சேர்ந்த ஈயம் அந்த மாதங்களில் ரத்தத்துக்குத் திரும்பி வரும், குழந்தைக்கும் போகும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், "இவ்வளவு காலம் யாரிடமும் காட்டவில்லை, எங்கே பட்டது என்று கேட்பார்கள் என்ற பயம்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பல தடவை படித்தேன். போர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் ஒருவர் தன் காயத்தையே ஒளித்து வைத்து வாழ வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பயத்தை ஸ்கேன் காட்டாது. டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது எந்த வருடம், உடம்பில் எங்கே, எந்த மாதிரி ஆயுதம் என்பது மட்டும்தான். சிகிச்சைக்கு வேறு எதுவும் தேவையில்லை. நீங்களும் கூடப் போங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துக் குழல் துப்பாக்கி ஒன்று பரண் மேல் இருக்கிறது. லைசென்ஸ் இல்லை. பன்றி வந்தால் அப்பா எப்போதாவது எடுப்பார். இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ஆனால் எனக்கு இரண்டு சின்னப் பையன்கள். ஒப்படைத்தால் கேஸ் போடுவார்களா? (வாசகர், தர்மபுரி மாவட்டம்)

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களை மெச்ச வேண்டும். நான் பார்த்த குண்டுக் காயங்களில் எதிரி சுட்டது குறைவு. அண்ணன் தம்பியைச் சுட்டது, கூட வேட்டைக்குப் போனவன் சுட்டது, இடிக்கும்போதே வெடித்துத் தன் கையைத் தானே இழந்தது, பரணில் இருந்ததைப் பிள்ளைகள் எடுத்து விளையாடியது, இவைதான் அதிகம். சுட்டவரே அடிபட்டவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, வார்டு வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் சண்டை, கடன், குடி, பரீட்சையில் தோல்வி என்று மனசு உடைகிற ஒரு ராத்திரி எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறதோ அதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 2022-இல் மட்டும் துப்பாக்கியால் 48,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அங்கே துப்பாக்கி, நம் கிராமங்களில் பூச்சிமருந்து. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். 1995-இலிருந்து 20 வருடத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்த 20 வருடத்தில் ஜனங்களின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை, போர் கூட நடந்தது. கைக்கு எட்டும் இடத்தில் சாவு இல்லாமல் போனதால் அத்தனை பேர் பிழைத்தார்கள். தோல்வியடைந்த முயற்சிக்குப் பிறகு பெரும்பாலோர் திரும்ப அதில் இறங்குவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்தில் தண்டனையை இன்னும் கூட்டிவிட்டார்கள். ஆனால் உங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மலையூர்களிலும் "தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று போலீஸ் தண்டோரா போட்டுத் துப்பாக்கிகளை வாங்கிய சம்பவங்கள் உண்டு. இப்போது அப்படி அறிவிப்பு இருக்கிறதா என்று நீங்களாக ஸ்டேஷனில் போய் விசாரிக்க வேண்டாம். 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் கேளுங்கள், ஒரு வக்கீலையும் ஊர்ப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை அதை நீங்கள் தொடாதீர்கள். பழைய குழல் துப்பாக்கியில் மருந்து இடித்தபடியே வருடக்கணக்கில் இருக்கும், யாருக்கும் நினைவிருக்காது. தட்டிப் பார்ப்பது, எண்ணெய் போடுவது, கிணற்றில் வீசுவது, பைக்கில் கட்டி எடுத்துப்போவது எதுவுமே கூடாது. போலீசே வந்து எடுக்கட்டும். பையன்களைக் கொஞ்ச நாள் மாமியார் வீட்டில் விடுங்கள்.

பன்றித் தொல்லை உண்மைதான், உங்கள் அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருக்கிறது. வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) வைக்கிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றி கடிக்கும் முன் மாடு கடிக்கும், இல்லையென்றால் பிள்ளை கையில் எடுக்கும்.

கேள்வி: என் கையால் என் சித்தப்பா மகனுக்கு ஒரு கண் போய்விட்டது. முயலுக்குப் போனோம், கால் தடுக்கி வெடித்துவிட்டது. ஜாமீனில் இருக்கிறேன். அவர்கள் வீடும் எங்கள் வீடும் பேசிக்கொள்வதில்லை. தூக்கமே இல்லை. (பெயர், ஊர் வேண்டாம்)

தம்பி, முதலில் அவனுடைய இன்னொரு கண். ஒரு கண் ஆழமாகக் கிழிபட்டால், அரிதாக, சில வாரங்களிலோ வருடங்கள் கழித்தோகூட, நல்ல கண்ணிலும் அழற்சி வரலாம். வெளிச்சம் கூசினால், சிவந்தால், பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். இந்தச் செய்தி அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். நேரில் போனால் வழக்கில் மிரட்டியதாக ஆகிவிடலாம். உங்கள் வக்கீலைக் கேட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு அத்தையோ ஆசிரியரோ மூலம் சொல்லி அனுப்புங்கள். வைத்தியச் செலவில் பங்கு ஏற்க விருப்பம் இருந்தால் அதையும் வக்கீல் வழியாகவே செய்யுங்கள்.

அப்புறம் நீங்கள். தூக்கம் இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். சாகலாமா என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்கிறேன். வந்தால் இன்றைக்கே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், எந்நேரமும் இருப்பார்கள், காசு கிடையாது. 104-க்கும் பேசலாம். நடந்ததற்குச் சட்டப்படி நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும், உங்கள் வீட்டுக்கும் வேண்டும். ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள். அடுத்த இதழுக்குள் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: 2018 துப்பாக்கிச் சூட்டில் என் தம்பிக்குக் காலில் குண்டு பட்டது. எலும்பு கூடிவிட்டது, பிளேட்டும் எடுத்தாயிற்று. ஆனால் தீபாவளி வந்தால் உள்அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். கூட்டம் கூடுகிற எங்கேயும் வரமாட்டான். வேலையும் நிலைக்கவில்லை. சோம்பேறி என்று அப்பா திட்டுகிறார். (வாசகி, தூத்துக்குடி)

அவன் சோம்பேறி இல்லை அம்மா. அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாளில் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன கூட்டத்தில் சுட்டார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. செத்தவர்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் மனப்பாடம். பிழைத்தவர்களில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. பட்டாசுச் சத்தத்தில் அவன் உடம்பு அந்த நாளுக்கே திரும்பிப் போகிறது. நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், ஓடு என்று மூளை கத்தும். அவன் முடிவெடுத்துச் செய்கிற காரியம் இல்லை இது. கூட இருந்து பார்த்தவர்களுக்கும், குண்டே படாத தெருக்காரர்களுக்கும்கூட இது வரும். உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. நடந்ததைப் பயிற்சி பெற்ற ஒருவரோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி, பயப்படுகிற இடங்களுக்குப் படிப்படியாகப் போய்வரும் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. சிலருக்கு மாத்திரையும் வேண்டும். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆரம்பியுங்கள். வருடம் கடந்துவிட்டது, இனி என்ன என்று நினைக்க வேண்டாம், எப்போது தொடங்கினாலும் பலன் உண்டு. கால் இன்னும் எரிகிறதா, மின்சாரம் பாய்கிற மாதிரி சுண்டுகிறதா என்றும் கேளுங்கள். அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரை அதற்குக் கேட்காது, தனி மருந்து உண்டு. ராத்திரி வலிக்கிறவனுக்குப் பகலில் வேலை எப்படி நிலைக்கும்? இந்தத் தீபாவளிக்கு அவனை இரண்டு நாள் சத்தம் இல்லாத ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். அப்பாவும் போகட்டும்.

கேள்வி: எங்கள் மலையூருக்கு 108 வந்து சேர நேரமாகும். ஒருவருக்குக் குண்டு பட்டால் அதுவரை என்ன செய்வது? போலீஸ் வராமல் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்களா? (மாணவர், ஜமுனாமரத்தூர்)

சேர்த்தே ஆக வேண்டும். முதலில் உயிர், பிறகுதான் மற்ற நடைமுறை என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் இது பொருந்தும். போலீசுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை.

சுட்டவர் கையில் துப்பாக்கி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிட்டே போ. ரத்தம் கொட்டுகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து, உன் முழு எடையையும் போட்டு அழுத்து. நெஞ்சு, வயிறு இல்லாத வேறு இடத்தில் குழி ஆழமாக இருந்தால் துணியை உள்ளேயே திணித்து அழுத்து. நனைந்தால் எடுக்காதே, அதன் மேலேயே இன்னொன்றை வை. நடுநடுவே எடுத்து எட்டிப் பார்க்கக் கூடாது. கையிலோ காலிலோ அப்படியும் நிற்காமல் பீறிட்டால் காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, முட்டி, முழங்கை போன்ற மூட்டின் மேல் படாமல், அகலமான துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்கு. கட்டிய நேரத்தை எழுதி வை, அவிழ்க்காதே. காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தண்ணீர், டீ கொடுக்காதே, ஆபரேஷன் தேவைப்படும். கம்பளி போர்த்தி வை. முன்னால் ஒரு ஓட்டை இருந்தால் முதுகையும் தடவிப் பார். வெட்டி எடுத்த சட்டையைத் துவைக்காமல் ஒரு பேப்பர் பையில் போட்டு ஆம்புலன்ஸிலேயே கொடுத்தனுப்பு, விசாரணைக்கு வேண்டும்.